சின்னராசா அண்ணையின் டிஸ்க்

போன கிழமை ரிஸ்வான் போன் எடுத்தான். என் கடையை இப்போது நடத்துகிறவன் அவன்தான். கிண்ணியாப் பிள்ளை, கெட்டிக்காரன், ஆனால் கையில் கொஞ்சம் அவசரம் கூட.

"ரஞ்சிக்கா, ஒரு மெஷின் வந்திருக்கு. டிஸ்க்கைக் காணல்லண்டு சொல்லுது. புது டிஸ்க் போட்டு எல்லாத்தையும் புதுசா ஏத்தி விடட்டா?"

"மூடியத் திறந்து பாத்தனியோ?"

"இல்லக்கா. ஸ்கிரீன்லயே சொல்லுதே."

"ஸ்கிரீன் எல்லாம் சொல்லுமெண்டா நீ எதுக்கு அங்க கதிரை போட்டு இருக்கிறாய்? முதல்ல அதில இருந்து கையை எடு. நான் சொல்லுமட்டும் தொட்டியோ, பஸ் ஏறி வந்து குட்டுவன்."

அவன் சிரித்தான். நான் குட்ட மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். "அப்ப என்ன செய்யிறதெண்டு ஒருக்கா எழுதியாவது தாங்களேன்" என்றான். அதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கதை நீண்டு போனால் பழி ரிஸ்வானுக்கு.

கணினிக்கு மின்சாரம் கொடுத்த உடனே அதற்கு ஒன்றும் தெரியாது. தான் யார், என்ன வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் டிஸ்க்கில்தான் எழுதிக் கிடக்கிறது. அதைத் தேடுகிறது. கிடைக்காவிட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டுச் சும்மா நிற்கிறது. தொடங்குவதற்கு டிஸ்க் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் அந்த வரி. டிஸ்க் செத்துப்போய்விட்டது என்று அதில் ஓரெழுத்துக்கூட இல்லை. மிச்சத்தை எல்லாம் சேர்த்து வாசிக்கிறவர்கள் நாங்கள்தான்.

இதை என் மண்டைக்குள் ஏற்றியவர் புஷ்பா மிஸ். கொழும்பில் ஒரு டிப்ளோமா படித்தேன், மட்டக்களப்பில் கொஞ்சக் காலம் பயிற்சி எடுத்தேன். அவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களுக்கு ஏஜன்ட் வேலை பார்த்த ஒரு கந்தோரில் சேர்ந்தேன். கணினிப் பகுதியில் இரண்டே இரண்டு பேர், புஷ்பா மிஸ்ஸும் நானும்.

மிஸ் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். மெலிந்த ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு கணினியைத் திறக்க முதல் கையில் இருக்கிற காப்புகளைக் கழற்றி தேத்தண்ணிக் கோப்பையின் பீரிசில் வைப்பார். மேசையின் இரும்புக் காலை ஒருதரம் தொடுவார், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்கு. அதற்குப் பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுப்பார். யார் பின்னால் நின்று கத்தினாலும் இந்த ஒழுங்கு மாறாது.

ஒருநாள் வெளியே கப்பல் வந்து நிற்கிறது. அதற்குரிய கடதாசிகள் அச்சாக வேண்டிய கணினியில் அந்த வெள்ளை வரி வந்து நிற்கிறது. மனேஜர் அறைக்குள்ளே நடக்கிறார். லிகிதர் ஒருவர் வைரஸ் என்கிறார், இன்னொருவர் மெஷின் எரிந்துவிட்டது என்கிறார். எனக்குக் கை துறுதுறு என்றது. திருப்புளியை எடுத்துவிட்டேன்.

"ரஞ்சி, கையை மடியில வையும்."

"மிஸ், அங்க கப்பல்..."

"கப்பல் நங்கூரம் போட்டுத்தானே நிக்குது, ஓடாது. கையை மடியில வையும். என்ன எழுதியிருக்கு?"

"டிஸ்க் பழுதாப் போச்செண்டு..."

"உமக்கு விளங்கினதை நான் கேக்கேல்ல. எழுதியிருக்கிறதை வாசியும்."

வாசித்தேன். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதன்பின் லிகிதரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். "காலமை வந்ததில இருந்து என்னென்ன செய்தனீங்கள்? தேத்தண்ணி குடிச்சதையும் விடாமச் சொல்லுங்கோ" என்றார். அந்த மனிதர் பயந்து பயந்து சொன்னார். சுங்கத்தில் இருந்து ஒரு பிளொப்பி கொண்டுவந்தாராம், அதைப் போட்டுப் பார்த்தாராம், கரண்ட் போய் வந்ததாம். மிஸ் குனிந்து பொத்தானை அமத்த, பிளொப்பி வெளியே வந்தது. கரண்ட் வந்த பிறகு கணினி முதலில் அந்தப் பிளொப்பியில் தேடிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் நின்றிருக்கிறது. "இது உங்கட" என்று லிகிதரின் கையில் கொடுத்துவிட்டுக் காப்புகளைப் போட்டுக்கொண்டார். ஒருவரையும் ஏசவில்லை, ஒரு சிரிப்புக்கூட இல்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த லிகிதரை ஒரு கிழமைக்குப் பகிடி பண்ணியிருப்பேன்.

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: "மெஷினுக்குத் தானா ஒண்டும் வாறேல்ல ரஞ்சி. ஆக்களிட்டக் கேளும், என்ன நடந்ததெண்டு. இன்னொண்டு, டிஸ்க்கில கை வைக்க முதல் பிரதி எடும். பிரதி எடுத்த பிறகுதான் வைத்தியம்."

மிஸ் பிறகு குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். நான் கந்தோரை விட்டு டவுனில் சின்னக் கடை ஒன்று போட்டேன். கடைக்கு வந்து என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! "அப்ப நான் என்ன, ஆடோ?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு வேலையைச் செய்து கொடுப்பேன். வேலையில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

ரிஸ்வானுக்குச் சொல்ல வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடையை விடுவதற்குக் கொஞ்சக் காலத்துக்கு முந்தி வந்தது.

மழை விட்ட ஒரு காலை. கடை வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. சாம்பல்தீவுப் பக்கம் சல்லியில் இருக்கிற புவனம் அக்கா இறங்கினார். மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோல, படுக்கை விரிப்பில் சுற்றிய கணினிப் பெட்டி. பின்னால் அவருடைய மனுசன் சின்னராசா அண்ணை, கழுத்தைச் சுற்றித் துவாய் போட்டபடி, கையில் கீபோர்ட்டோடு.

சின்னராசா அண்ணையைத் தெரியாமல் திருகோணமலையில் மீன் வாங்கியிருக்க முடியாது. முதலில் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர், பிறகு மீன் ஏலம் கூறுகிறவர். ஒலிபெருக்கி ஒன்றும் கிடையாது. அவர் கூறத் தொடங்கினால் சந்தைக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் விலை தெரியும். ஒருநாள் ஒரு பாரை மீனை நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். "ரஞ்சித் தங்கச்சி கண்ணால கேக்கிறா, வாயால கேக்க வெக்கப்படுறா!" என்று எல்லோருக்கும் முன்னால் இழுத்துவிட்டு, விலையையும் ஏற்றி, மீனையும் என் தலையில் கட்டிவிட்டார். அவ்வளவு பெரிய பாரையை வெட்டி முடிக்க எனக்கு ஒரு பின்னேரம் போனது.

"வாங்கோ அண்ணை! என்ன, சத்தத்தைக் காணேல்ல?" என்றேன்.

அவர் துவாயை விலக்கிக் காட்டினார். தொண்டைக் குழியில் ஒரு சின்னத் துணி கட்டியிருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

புவனம் அக்காதான் சொன்னார். தொண்டையில் வளர்த்தி. கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். உயிர் தப்பிவிட்டது, குரல் போய்விட்டது. வெட்டினால் குரல் போகும் என்று டாக்குத்தர் முதலே சொல்லியிருந்தார். அதனால் மகள், அவள் வவுனியாவில் படிப்பிக்கிறாள், லீவு போட்டு வந்து, வீட்டுக் கணினியில் தகப்பனின் குரலைப் பதிவு செய்தாள். "ஓம்", "ஏலாது" என்பதுபோல அன்றாடம் தேவைப்படுகிற சின்னச் சின்னக் கதைகள். ஒவ்வொரு கதைக்கும் கீபோர்ட்டில் ஒரு கட்டை. கட்டையை அமத்தினால் அப்பா கதைப்பார்.

"போனில செய்திருக்கலாமே அக்கா?"

"இவற்ற விரலைப் பாருங்கோ தங்கச்சி. வலை இழுத்துக் காய்ச்சு மரமாக் கிடக்கு. போன் இவற்ற விரலை விரலெண்டே எடுக்காது. மகள் போனிலயும் ஒரு பிரதி போட்டு வைப்பமெண்டவள். அதுக்குள்ள ஆஸ்பத்திரியில வரச் சொல்லிட்டினம். அப்பிடியே போட்டது போட்டபடி ஓடினம்."

மாதக்கணக்கில் கொழும்பில் இருந்துவிட்டு வந்து கணினியைப் போட்டால், அந்த வெள்ளை வரி. வேறொரு கடையில் காட்டியிருக்கிறார்கள். திரையைப் பார்த்துவிட்டு, டிஸ்க் செத்துவிட்டது, புதிது போட்டால் மெஷின் நன்றாக ஓடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மெஷின் ஓடி எனக்கென்ன?" என்றார் புவனம் அக்கா. "இவர் அதுக்குள்ளயெல்லோ கிடக்கிறார். வந்ததில இருந்து ஒரு இடமும் போறாரில்லை. ஆக்கள் சுகம் கேக்க வந்தா எழும்பி அறைக்குள்ள போயிடுறார். கஞ்சி வச்சாலும் பாதிதான். ஒரு கட்டையை அமத்தி ஒரு கதை சொன்னாரெண்டா மனுசன் திரும்பி வந்திடுவாரெண்டு நம்பிக்கொண்டிருந்தனான்."

அண்ணை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையை ஆட்டிப் படைத்த மனிதர் கதிரையின் நுனியில் அப்படி ஒடுங்கி இருந்தார். வெட்டின தொண்டையால் அந்தக் கதைகளை இனி ஒருநாளும் திரும்பச் சொல்லிப் பதிய ஏலாது. இருப்பது இந்த ஒரே டிஸ்க்கில்தான்.

காப்பைக் கழற்றிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கணினியைப் போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரை, வெள்ளை வரி. வாசித்தேன். பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். சாகப் போகிற டிஸ்க் டிக் டிக் என்று அடிக்கும். இது ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் என்னென்ன கொழுவியிருக்கிறது என்று காட்டுகிற கணினியின் அமைப்புப் பக்கத்தில் டிஸ்க்கின் பெயரே இல்லை. சுற்றுகிற டிஸ்க்கைக் கணினி காணவில்லை என்றால், இடையில் ஏதோ மறிக்கிறது.

"அக்கா, கொழும்புக்குப் போகேக்க வீட்டில என்னென்ன செய்தனீங்கள்? ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ."

"என்னத்தைச் செய்தன்... இடி மின்னல் காலமெல்லோ, பிளக் எல்லாம் கழட்டினன். இதைச் சீலையால மூடினன். விளக்கு வச்சன். கதவைப் பூட்டித் திறப்பை மச்சாளிட்டக் குடுத்தன். அவ்வளவுதான்."

"ஆராவது இதைத் திறந்தவையோ?"

"ஆர் திறக்கிறது? நான் தூசு தட்டவே பயப்படுறனான்."

மூடியைத் திறக்கத் திருப்புளியை வைத்தேன், வழுக்கியது. ஆணித் தலையெல்லாம் ஏதோ பிசுபிசுப்பு. மூடியை எடுத்ததும் வள்ளத்தின் மணம் குப்பென்று அடித்தது. உள்ளே பார்த்தால், ஐயோ கடவுளே! கிறீஸ்! ஆணிகளில் கிறீஸ், இரும்புச் சட்டத்தில் கிறீஸ், டிஸ்க்கில் இருந்து போகிற கேபிளைக் கழற்றினால் அதன் வாய்க்குள்ளும் நிறைய கிறீஸ். விரலால் அள்ளி, ஆசையோடு அப்பியதுபோல இருந்தது.

"ஆர் இந்த விசர் வேலை பாத்தது?" என்று கத்திவிட்டேன்.

அப்போது மேசையில் யாரோ தட்டுகிற சத்தம். சின்னராசா அண்ணை. தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார்.

பிறகு கையால் ஒரு கயிற்றை இழுத்துக் காட்டினார், வள்ளத்து இன்ஜின் ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி. கடல் பக்கம் கையை நீட்டினார். விரலால் எதையோ வழித்து எடுத்து, மெல்ல மெல்லப் பூசுகிற மாதிரிச் செய்தார். கடைசியில் தொண்டையைத் தொட்ட கையைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியின் மேல் வைத்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. மாரியில் கடல் குழம்பினால் எங்கள் கரையில் வள்ளங்களைக் கரையேற்றி, இன்ஜினைக் கழற்றி, இரும்பு என்று தெரிகிற இடத்தில் எல்லாம் கிறீஸ் பூசித்தான் வைப்பார்கள். இல்லாவிட்டால் உப்புக்காற்றில் கறள் பிடித்து, இரும்பு துருவாய் உதிர்ந்துவிடும். தன் குரலை இந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கொழும்புக்குப் போக வேண்டிய மனிதர், திரும்பி வரும்வரை அது கெட்டுப்போகாமல் இருக்கத் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார். என் கண் நிறைந்துவிட்டது. குனிந்து ஆணிகளைப் பொறுக்குகிற மாதிரி நின்றேன்.

"அட பாவி மனுசா!" என்றார் புவனம் அக்கா. "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! அப்ப வாய் இருந்ததெல்லோ!"

அண்ணையின் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நீங்கள் செய்தது நல்லதுதான் அண்ணை" என்றேன். "ஒரு பொட்டுக் கறள் இல்லை. உப்புக்காத்து உள்ளுக்குப் போகேல்ல. என்ன, டிஸ்க் சொல்லுறதும் வெளியால வரேல்ல, அவ்வளவுதான்."

ரிஸ்வான், இந்த இடத்தை ஆறுதலாக வாசி. டிஸ்க்கைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தேன். அதன் வாயில் சீப்புப் பற்கள் மாதிரி மெல்லிய பொன்னிறக் கீற்றுகள் இருக்கும். அவற்றைத் தேய்க்கக் கூடாது. காது துடைக்கிற பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, உள்ளிருந்து வெளியே, ஒரே பக்கமாக வழிக்க வேண்டும். ஒரு குச்சியை ஒருதரம்தான் பாவிக்கலாம். பாவித்த குச்சியையே திரும்ப வைத்தால் எடுத்த கிறீஸை நீயே திரும்பப் பூசுகிறாய். குச்சி வெள்ளையாகவே வெளியே வரும்வரை வழித்தேன். நன்றாகக் காயவிட்டேன். பழைய கேபிளைத் தூக்கி எறிந்தேன். புவனம் அக்கா பக்கத்தில் நின்று குச்சி எடுத்துத் தந்தார். இரண்டு பெண்களும் குனிந்து நின்ற நிற்பைப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரர் ஏதோ காயத்துக்கு மருந்து கட்டுகிறோம் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

டிஸ்க்கை உடனே பெட்டிக்குள் போடவில்லை. முதலில் என் கணினியில் கொழுவினேன். திரையில் அது தெரிய வேண்டும். தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை. கேபிளை ஒருதரம் அழுத்திப் பார்த்தேன். பிறகு சின்னதாக ஒரு படம் வந்தது. திறந்தேன். 'அப்பா' என்று ஒரு கோப்புறை, அதற்குள் வரிசையாகப் பதிவுகள். எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன், ஒன்று என் கணினியில், ஒன்று பென் ட்ரைவில். "இனி இவர் ஒரு இடத்தில மட்டும் இல்லை அக்கா" என்றேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றைப் போட்டுக் கேட்போம் என்று கையைக் கொண்டுபோனேன். அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்து நிற்பாட்டினார். தன் கீபோர்ட்டைத் தொட்டுக் காட்டினார். அவருடைய பெட்டியில், அவருடைய கையால்தான் கதைக்க வேண்டுமாம். நியாயம்தானே.

டிஸ்க்கை அவருடைய பெட்டியில் பூட்டி, மின்சாரம் கொடுத்தேன். கறுப்புத் திரை. அதே வெள்ளை வரி.

புவனம் அக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். அமைப்புப் பக்கத்துக்குப் போனேன். டிஸ்க்கின் பெயர் இப்போது இருந்தது! ஆனால் திகதி பல வருடம் பின்னால் போயிருந்தது, முதல்தரம் பார்த்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை. உள்ளே நாணயம் அளவில் ஒரு பற்றரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரம் திகதியையும், எதை முதலில் தேட வேண்டும் என்ற ஒழுங்கையும் அதுதான் ஞாபகம் வைத்திருக்கும். மாதக்கணக்காகப் பிளக்கைக் கழற்றி வைத்ததில், ஏற்கெனவே பழைய பற்றரி முடிந்துவிட்டது. கணினி டிஸ்க்கை விட்டுவிட்டு வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தது. புதுப் பற்றரி போட்டு, திகதியைச் சரிசெய்து, முதலில் தேட வேண்டியது டிஸ்க்கை என்று காட்டிவிட்டேன்.

இந்தமுறை திரையில் வெளிச்சம் வந்தது. பிறகு ஒரு படம், நீல வள்ளத்தின் மேல் ஏறி நிற்கிற அவர்களுடைய மகள்.

அண்ணை எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். கதிரையை இழுத்து நிமிர்ந்து இருந்தார். கீபோர்ட்டில் ஒவ்வொரு கட்டைக்கும் மகள் எழுதி ஒட்டியிருந்தாள். முதல் கட்டையை அமத்தினார்.

"இஞ்சேரும், தேத்தண்ணி ஒண்டு தாரும்!"

கடையே அதிர்ந்தது. அதே சந்தைக் குரல். மெல்லக் கதைக்கத் தெரியாத மனிதர் பதிவுக்கும் மெல்லக் கதைக்கவில்லை. அடுத்த கட்டை, "ஓம்." அடுத்தது, "ஏலாது." பிறகு, "குழம்புக்கு உப்புக் காணாது." பிறகு, "ஆர் வந்தது? இருக்கச் சொல்லும், வாறன்." தெருவில் போன இரண்டு பேர் குரலைக் கேட்டு, "சின்னராசா அண்ணையோ?" என்று உள்ளே வந்தார்கள். அவர் எழும்பி ஓடவில்லை. "ஓம்" கட்டையை அமத்தினார். எல்லோரும் சிரித்தோம். புவனம் அக்கா சிரித்தபடியே அழுதார்.

கடைசிக் கட்டையில் மட்டும் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. "அது என்னது?" என்று அக்கா கேட்டார். அண்ணை சட்டென்று உள்ளங்கையால் அதை மூடினார். முகத்தில் வெட்கம்.

"எடுங்கோ கையை. நானும் கேக்கத்தானே வேணும்" என்று அக்கா அவருடைய கையை விலக்கிவிட்டுத் தானே அமத்தினார்.

முதலில் ஒரு இருமல். பிறகு தள்ளி நின்று மகள் சிரிக்கிற சத்தம், "சொல்லுங்கோவன் அப்பா." பிறகு அவர்:

"புவனம்... ஒருதரம்! புவனம்... ரெண்டுதரம்!"

அதோடு பதிவு முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து ஆட்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அண்ணைக்குப் புவனம் அக்கா 'இஞ்சேரும்'தான். அக்கா திரும்பவும் அமத்தினார். திரும்பவும் தன் பெயரைக் கேட்டார்.

"என்னையும் ஏலம் போட்டிருக்கிறியளோ?" என்று கேட்டார். "மூண்டாந்தரம் எங்க?"

சின்னராசா அண்ணை அவரை நிமிர்ந்து பார்த்து, தலையை இல்லை என்று ஆட்டினார். பிறகு கீபோர்ட்டில் தேடி, "ஏலாது" கட்டையை அமத்தினார்.

"ஏலாது!" என்றது அவருடைய குரல்.

அக்கா என் பக்கம் திரும்பினார். கண்ணீர் வாய்வரை வந்திருந்தது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"மூண்டாந்தரம் சொன்னா மற்றாளுக்குப் போயிடுமெல்லோ தங்கச்சி. அதுதான் மனுசன் சொல்லேல்ல."